தோட்டத்தில் கட்டும் விறகு பீட்சா அடுப்புக்குக் கூரை ஏன் வளைவாக இருக்கிறது?

விறகு பீட்சா அடுப்பு என்பது கவிழ்த்த சட்டி போல, செங்கல்லிலோ களிமண்ணிலோ கட்டிய சூட்டறை. தீ அடியில் எரியாது. பீட்சா வேகும் அதே தளத்தில் ஓரமாக எரியும்.

பகல் முழுக்க வெயில் குடித்த மொட்டைமாடி, ராத்திரி பத்து மணிக்கும் கீழே படுத்திருப்பவர் மேல் சூட்டை இறக்குகிறது அல்லவா? இங்கேயும் அதுதான். கனமான கூரை சூட்டை வாங்கி வைத்து மேலிருந்து திருப்பிக் கொடுக்கிறது. வளைவோ தீயின் நாக்கைக் கூரையோடு ஒட்டி முன்பக்கம் வரை இழுத்து வருகிறது. அதனால்தான் நேப்பிள்ஸ் பாணி பீட்சா 60 முதல் 90 நொடியில் வெந்துவிடுகிறது.

தீ மூட்டியதும் உட்கூரை கரியேறிக் கறுக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்து வெளுக்கும். வெளுப்பைப் பார்த்த பிறகு மாவை உள்ளே தள்ளுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

வாசலின் உயரம் உட்கூரை உயரத்தில் சுமார் 63 சதவீதம் இருந்தால் சரி. தாழ்ந்தால் புகையும், உயர்ந்தால் சூடு ஓடிவிடும். அப்புறம், புது அடுப்பில் எடுத்த எடுப்பில் பெருந்தீ போடாதீர்கள். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி விரிசல் விடும். சில நாள் சின்னத் தீயிலேயே காயட்டும்.

புகைபோக்கி கூரையின் உச்சியில் வர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வாசலுக்கு மேலே, முன்பக்கம்தான் வர வேண்டும். உச்சியில் ஓட்டை போட்டால் சேர்த்த சூடெல்லாம் நேராக வெளியே போய்விடும்.