ஷகிராவும் ஒரு தரவரிசைச் சண்டையும்

அன்புள்ள சார்,

போன வாரம் எனக்கும் என் அக்கா மகளுக்கும் ஒரு சண்டை. கொலம்பியப் பாடகி ஷகிராவின் ஆல்பங்களை வரிசைப்படுத்தினோம். என் வரிசையில் முதலிடம் 'லாண்ட்ரி சர்வீஸ்' (2001), இரண்டாவது 'ஷீ வுல்ஃப்' (2009), மூன்றாவது 'ஓரல் ஃபிக்ஸேஷன்' இரண்டாம் பாகம் (2005). ஸ்பானிஷ் ஆல்பங்களை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டிக் கடைசியில் போட்டுவிட்டேன். மொழியே புரியாதபோது எதை வைத்து மார்க் போடுவது? 2010 கால்பந்து உலகக் கோப்பை சமயத்தில் 'வாக்கா வாக்கா' கேட்டு அவரிடம் வந்து சேர்ந்தவன் நான். அவளோ, "மாமா, நீங்க இன்னும் ஷகிராவையே கேக்கல" என்கிறாள். ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து ஜெயித்த ஒருவரை, ஜெயித்த இடத்தில் வைத்து மதிப்பிடுவதுதானே நியாயம்? உங்கள் வரிசை என்ன?

ஆர்.,
ஈரோடு

அன்புள்ள ஆர்.,

நான் உங்கள் அக்கா மகள் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மொழி புரியாதது ஒரு தடை என்று நான் நினைக்கவில்லை. இந்தியில் ஒரு வாக்கியம் சேர்த்துப் பேசத் தெரியாமல் கிஷோர் குமார் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரை பாடிய ஆட்கள் நம் வீடுகளில் உண்டு. எனக்கும் ஸ்பானிஷ் தெரியாது. பாடல் வரிகளை ஒரு பக்கமும் அகராதியை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தவன்தான். அப்படிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. ஸ்பானிஷில் எழுதும் ஷகிரா சரியான வாயாடி. மெட்டில் இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் வார்த்தைகளைத் திணிப்பார். ஆங்கிலத்தில் மெட்டு போட்ட அளவுக்குள் அடக்கமாக உட்கார்ந்துகொள்கிறார். அந்த வாயாடியை நீங்கள் கட்டுக்கட்டி ஓரமாக வைத்துவிட்டீர்கள்.

என் முதலிடம் 'டோண்டே எஸ்தான் லோஸ் லாட்ரோனெஸ்'. 1998இல் வந்தது, அப்போது அவருக்கு 21 வயது. தலைப்புக்கு 'திருடர்கள் எங்கே?' என்று அர்த்தம். எழுதி வைத்திருந்த பாடல் வரிகளோடு அவருடைய பெட்டி பொகோட்டா விமான நிலையத்தில் களவு போனது. தலைப்பு வந்தது அந்த வயிற்றெரிச்சலில். அட்டையில் அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். கைகள் முழுக்கக் கறுப்பு அழுக்கு. எல்லோர் கையிலும் கொஞ்சம் அழுக்கு உண்டு, திருடனைத் தேடி வெளியே போக வேண்டாம் என்று அதற்கு அவர் விளக்கம் சொன்னார். பெட்டியைப் பறிகொடுத்த 21 வயதுப் பெண் அட்டையில் தன்னையே திருடியாக நிறுத்திக்கொள்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த அட்டை இது.

அதில் 'இனெவிதாப்லே' என்றொரு பாட்டு. பிரிந்தபின் பாடும் காதல் பாட்டு. ஆனால் எடுத்த எடுப்பில் நிலவும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஒப்புக்கொள்ள வேண்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன் என்று தொடங்கி, எனக்குக் காபி போடத் தெரியாது, கால்பந்து புரியாது என்று பட்டியல் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை குளிப்பதில்லை என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. பெண் பார்க்க வந்தவர்களிடம் உண்மையைப் போட்டு உடைக்கிற மாதிரி இருக்கும். மெல்லிய கிட்டார், பேச்சுக்குப் பக்கத்தில் ஓடும் குரல், பிறகு கோரஸில் கிட்டார் இரைச்சலோடு தொண்டையைத் திறந்துவிடுவார். (கால்பந்து புரியாது என்று பாடியவர்தான் உலகக் கோப்பைக்குப் பாட்டுப் பாடி, பின்னால் பார்சிலோனா அணியின் ஆட்டக்காரர் ஒருவரோடு பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். ரசிகர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.)

அதே ஆல்பத்தில் 'ஒக்தாவோ தியா', அதாவது எட்டாவது நாள். ஏழு நாள் படைப்பு முடிந்தது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடவுள் விண்வெளியில் காலாற நடந்துவிட்டு வரப் போகிறார். திரும்பி வந்தால் உலகம் அலங்கோலமாகக் கிடக்கிறது. அவருக்கு வேலையும் போய்விட்டது. வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும் வேலையில்லாதோர் கணக்கில் அவரும் ஒரு ஆளாகச் சேர்ந்துவிடுகிறார். பாப் பாட்டில் இதை வைக்கத் தைரியம் வேண்டும். 2000இல் முதல்முறையாக லத்தீன் கிராமி விருது கொடுத்தபோது இந்தப் பாட்டுக்கும் ஒன்று கிடைத்தது.

கடைசிப் பாட்டு 'ஓஹோஸ் அஸி'. இதை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள். 'லாண்ட்ரி சர்வீஸி'ல் 'ஐஸ் லைக் யுவர்ஸ்' என்று வருவது இதன் ஆங்கில வடிவம். நடுவில் சில வரிகளை அரபியில் பாடுவார். அப்பா வழி லெபனான் வேர். ஷகிரா என்ற பெயரும் அரபிதான், நன்றியுள்ளவள் என்று பொருள். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் சொல்லும் 'ஷுக்ரன்' என்ற சொல்லுக்குச் சொந்தக்காரப் பெயர். பிறந்து வளர்ந்த ஊர் கொலம்பியாவின் கரீபியக் கரையில் உள்ள பரான்கியா. கப்பலில் வந்து இறங்கிய அரபு வியாபாரிகள் அங்கே பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் இளம் வயதில் பத்திரிகை வேலை பார்த்த ஊரும் அதுதான். அவர் ஷகிராவைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையே எழுதியிருக்கிறார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரியில் மயாமியில் சூப்பர் போல் என்னும் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் பாடும்போது, கேமராவுக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்து நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் போட்டார். அமெரிக்காவில் பலர் இது என்ன கோமாளித்தனம் என்று கேலிப்படம் போட்டார்கள். அரபுக்காரர்களுக்கு உடனே புரிந்தது, அவர்கள் கல்யாண வீட்டில் போடுகிற சத்தம் அது. நமக்கும் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. குலவை.

பள்ளிக்கூடத்தில் பாட்டுக் குழுவில் இவரைச் சேர்க்கவில்லை. குரல் ஆடு கத்துகிற மாதிரி இருக்கிறது என்றார்களாம். அந்த நடுக்கத்தை மாற்றிக்கொள்ளாமல் அதையே தன் முத்திரையாக வைத்துக்கொண்டார். அது முழு வீச்சில் கேட்பது இந்த 1998 ஆல்பத்தில்தான். அதையே நியூயார்க்கில் மேடையில் பாடிய 'எம்டிவி அன்ப்ளக்டு' பதிவும் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு மெக்சிகோவின் மரியாச்சி வாத்தியக் குழுவையே மேடையேற்றினார். நேரடிப் பதிவு என்பதால் வரிசையில் சேர்க்காமல் விடுகிறேன். சேர்த்தால் இரண்டாவது.

சரி, உங்கள் 'லாண்ட்ரி சர்வீஸு'க்கு வருகிறேன். நல்ல ஆல்பம்தான், என் வரிசையில் நாலாவது. பாடகி குளோரியா எஸ்தெஃபான் பாட்டை மொழிபெயர்த்துத் தர முன்வந்தும், ஆங்கிலம் படித்துச் சொந்தமாக எழுதுவேன் என்று உட்கார்ந்தார். 'வெனெவர், வேரெவர்' பாட்டில் ஆண்டீஸ் மலைக் குழலும் சராங்கோ என்ற குட்டி நரம்பு வாத்தியமும் அவ்வளவு அழகாக வந்து உட்காரும். என் மார்பு சிறியதாக இருப்பது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் மலை என்று நினைத்துவிடுவாய் என்று அதில் ஒரு வரி. ஆங்கிலம் சரியாக வரவில்லை என்று விமர்சகர்கள் சிரித்தார்கள். ஆனால் ஸ்பானிஷ் வடிவத்திலும் அதே வரி இருக்கிறது. ஆங்கிலக் குறையில்லை அது, அந்த அம்மாவின் குசும்பு. 'அப்ஜெக்ஷன்' பாட்டில் டாங்கோ நடன இசைக்கு நடுவே போட்டிக்காரியின் சிலிகோன் மார்பைக் கிண்டல் செய்வதும் அப்படித்தான். சிரிக்கிற இடத்திலெல்லாம் அவருடைய ஆங்கிலம் ஜெயிக்கிறது. உருகுகிற இடத்தில் வெலவெலத்துப் போகிறது.

நம்பிக்கையில்லை என்றால் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் முதலிட ஆல்பத்தில் 13 பாட்டு. அதில் 4 ஸ்பானிஷ், கவனித்தீர்களா? பத்தாவது பாட்டு 'கே மெ கேதெஸ் தூ'. செய்திச் சேனல்கள் எல்லாம் நொடித்துப் போகட்டும், எனக்கு டிவியே பிடிக்காது, சிரிப்பு பழைய ஃபேஷனாகிப் போகட்டும், சூரிய அஸ்தமனமே இல்லாமல் போகட்டும், எனக்கு நீ மட்டும் மிஞ்சினால் போதும் என்று போகிறது. இதைக் கேட்டுவிட்டு உடனே 'அண்டர்நீத் யுவர் க்ளோத்ஸ்' கேளுங்கள். நீ கடவுள் கையால் எழுதிய பாட்டு என்கிறார் அதில். கடவுளின் கையை ஆயிரம் பேர் பாடியிருக்கிறார்கள். காதலுக்கு நடுவே செய்திச் சேனலைத் திட்ட இவரால்தான் முடியும்.

ஜெயித்த இடத்தில் வைத்து மதிப்பிடுவது நியாயம் என்று எழுதியிருந்தீர்கள். ஆங்கிலத்தில் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றபின் அவர் அடுத்துச் செய்தது என்ன? 2005இல் முதலில் வந்தது முழு ஸ்பானிஷ் ஆல்பம், 'ஃபிஹாசியோன் ஓரால்' முதல் பாகம். நீங்கள் மூன்றாமிடம் கொடுத்திருக்கும் ஆங்கில ஆல்பம் அதற்குப் பின்னால் வந்த தம்பி. அண்ணனைக் கேட்காமலேயே தம்பிக்கு மார்க் போட்டுவிட்டீர்கள். அண்ணன் எனக்கு இரண்டாவது. அதில் 'லா தோர்துரா' என்று ஸ்பெயின் பாடகர் அலெஹாந்த்ரோ சான்ஸோடு ஒரு பாட்டு. அவர் மன்னிப்புக் கேட்டுக் கெஞ்சுகிறார். மனிதன் ரொட்டியால் மட்டும் வாழ்வதில்லை, நான் உன் சாக்குப்போக்கில் வாழ்வதில்லை என்று இவர் வெட்டுகிறார். அப்புறம் ஒரு ஸ்பானிஷ் பழமொழி. அந்த எலும்பை வேறு நாய்க்குப் போடு. எனக்குக் காது குத்தியாயிற்று, வேறு ஆளைப் பார் என்று நாம் சொல்வோமே, அதேதான். 'நோ' என்ற பாட்டையும் விடாதீர்கள். கூடப் பாடுபவர் அர்ஜென்டினாவின் குஸ்தாவோ செராத்தி, சோடா ஸ்டீரியோ என்ற ராக் குழுவின் நாயகன். இன்று அவர் இல்லை. ஷகிரா கத்தாமல் பாடிய மிகச் சில பாட்டுகளில் அது ஒன்று.

தம்பி ஆல்பத்தில் 'ஹிப்ஸ் டோன்ட் லை' இருக்கிறதே என்பீர்கள். முதலில் அது இல்லை. மறுபதிப்பில் சேர்த்தது. அதை எடுத்துவிட்டு ஒருமுறை முழுசாகக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது 'பியெஸ் டெஸ்கால்சோஸ்' (1995), வெறுங்கால்கள். 18 வயதுப் பெண்ணின் ஆல்பம். தலைப்புப் பாட்டில், பக்கத்து வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல், நேரத்துக்குத் தூங்கு, தினமும் வேலைக்குப் போ என்று நாகரிகத்தின் கட்டளைகளை அடுக்கிக்கொண்டே போவார். 'எஸ்தோய் ஆகீ' கோரஸில் மூச்சு விட இடமே கிடையாது. இதற்கு முன் பதின்ம வயதில் வந்த இரண்டு ஆல்பங்களை அவரே கணக்கில் வைப்பதில்லை, நாமும் விட்டுவிடுவோம்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. ஐந்தாவது 'சாலே எல் சோல்' (2010), மெரெங்கே என்ற கரீபிய நடன இசையும் ராக்கும் கலந்து அடிக்கும். உங்கள் 'வாக்கா வாக்கா' இதில்தான் இருக்கிறது. அதன் கோரஸ் கேமரூனின் கோல்டன் சவுண்ட்ஸ் குழு 1986இல் பாடிய 'ஸங்கலேவா'விலிருந்து வந்தது. ஆறாவது 2024இல் வந்த ஆல்பம். ஏழாவது 'ஷீ வுல்ஃப்'. டிஸ்கோ நன்றாகத்தான் இருக்கிறது, ஓநாய் ஊளையும் பிடிக்கும், ஆனால் இரண்டாமிடம் எல்லாம் அதிகம். அதற்குக் கீழே உங்கள் மூன்றாமிடத் தம்பி. ஒன்பதாவது 'எல் டொராடோ' (2017). கடைசி, 2014இல் தன் பெயரையே தலைப்பாக வைத்த ஆல்பம். அதில் யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம்.

2024 ஆல்பத்தின் தலைப்பு பற்றி மட்டும் கொஞ்சம். 'லாஸ் முஹேரெஸ் யா நோ யோரான்', பெண்கள் இனி அழுவதில்லை. 2023 ஜனவரியில் அர்ஜென்டினாவின் இசைத் தயாரிப்பாளர் பிஸாராப்போடு வெளியிட்ட பாட்டில் வரும் ஒரு வரியின் முதல் பாதி இது. முன்னாள் துணையை, அந்தப் பார்சிலோனா ஆட்டக்காரரைத்தான், கிழித்துத் தோரணம் கட்டிய பாட்டு. ஃபெராரியைக் கொடுத்து ட்விங்கோ (சின்னக் கார்) வாங்கினாய், ரோலெக்ஸைக் கொடுத்து காசியோ வாங்கினாய் என்று போகும். அந்த வரியின் மறுபாதியில் 'ஃபாக்துரார்' என்றொரு வினைச்சொல். இன்வாய்ஸ் எழுதுவது என்று பொருள். ஆங்கிலத்தில் இதைப் பணம் பண்ணுகிறார்கள் என்கிற மாதிரி மாற்றினார்கள், கடைக் கல்லாவின் வாசனை போய்விட்டது. தமிழில் அப்படியே வருகிறது: பெண்கள் இனி அழுவதில்லை, பில் போடுகிறார்கள்.

மொழி தெரியாது என்று நீங்கள் தள்ளி வைத்த பாட்டு, ஆங்கிலக்காரரைவிட உங்களுக்குத்தான் நன்றாகப் புரிகிறது.

இந்த வாரம் 'இனெவிதாப்லே'யை வரிகளோடு இரண்டு தரம் கேளுங்கள். கேட்டுவிட்டு முதலில் அக்கா மகளிடம் பேசுங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள். 'ஷீ வுல்ஃப்' சண்டையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.