கார்பன் சைக்கிள் இல்லாமல் பெண்கள் ரேஸில் தாக்குப்பிடிக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 31 வயது, கோவை. இரண்டு வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். தனியாக ஓட்டினால் 40 கி.மீ. தூரத்தை மணிக்கு 28 கி.மீ. சராசரியில் முடிப்பேன். ஆனால் ஞாயிறு குரூப் ரைடில் யூ டர்ன் தாண்டியதும் ஒவ்வொரு முறையும் குழுவிலிருந்து கழன்று பின்தங்கிவிடுகிறேன். ஆடி மாதம் நடக்கும் 40 கி.மீ. ரேஸில் பெண்கள் பிரிவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். என்னுடையது 9.8 கிலோ அலுமினிய சைக்கிள். "இதை வைத்துக்கொண்டு ரேஸா? செகண்ட் ஹேண்ட் கார்பன் ஃபைபர் சைக்கிள் ஒன்று 1,35,000 ரூபாய்க்கு வருகிறது, 8.2 கிலோதான்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் தெரிந்தவருக்கு இதில் கமிஷன் எவ்வளவு என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

முதலில் எடைக் கணக்கு. 1.6 கிலோ குறைந்தால், 20 நிமிடம் பிடிக்கும் ஏற்றத்தில் உங்களுக்கு மிச்சமாவது அரை நிமிடத்துக்கும் கீழே. சமதள ரோட்டில் 40 கிலோமீட்டருக்கும் சேர்த்துச் சில விநாடிகள். அதற்குப் போய் 1,35,000!

உங்கள் பிரச்சினை என்ன என்பதைக் கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டீர்கள்: யூ டர்ன். முன்னால் போகிறவர் வளைவில் 15 வேகத்துக்கு இறங்கி, திரும்பியதும் 30க்கு ஏறுவார். நீங்கள் பத்தாவது ஆளாக இன்னும் வளைவுக்குள்ளேயே இருப்பீர்கள். வெளியே வரும்போது 40 மீட்டர் இடைவெளி. அதை அடைக்க 40 வேகத்தில் பாய வேண்டும். மூன்று யூ டர்ன் இப்படிப் போனால் நாலாவதில் கால் தீர்ந்துவிடும். கார்பனில் உட்கார்ந்திருந்தாலும் இதேதான்.

வளைவுக்கு 300 மீட்டர் முன்பே முதல் மூன்று நாலு பேருக்குள் போய்விடுங்கள். பிரேக்கை நேராகப் போகும்போதே பிடித்து முடித்துவிடுங்கள். சாய்ந்த பிறகு பிடித்தால் சறுக்கும். அப்போதே இரண்டு கியர் இலகுவாக்குங்கள். பெரும்பாலோர் மறப்பது இதைத்தான். கனமான கியரில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருப்பார்கள். திரும்பும் பக்கத்துப் பெடல் மேலே, எதிர்ப்பக்கக் காலில் எடை, பார்வை போக வேண்டிய இடத்தில். வளைவில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கோனைப் பார்த்தால் கோனுக்குத்தான் போவீர்கள். வாரம் இருமுறை, வண்டி வராத இடத்தில், பத்து யூ டர்ன். ஒவ்வொன்றிலும் வெளியே வந்ததும் 10 விநாடி முழுப் பாய்ச்சல், இரண்டு நிமிடம் ஓய்வு. 28 சராசரியை 29 ஆக்குவதைவிட இது பலன் தரும்.

வீல் பிடித்து, அதாவது முன்னவரின் பின்னால் காற்று மறைவில் ஒட்டி, ஓட்டப் பழகாவிட்டால் இதுவும் வீண். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு மீட்டருக்குள் இருந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அந்தச் சக்கரத்தையே முறைத்துப் பார்க்காதீர்கள். அவர் இடுப்பைப் பாருங்கள், வேகம் மாறுவது அங்கே முதலில் தெரியும். உங்கள் முன்சக்கரத்தை அவர் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைக்கவே கூடாது. உரசினால் விழுவது பின்னால் இருப்பவர்தான்.

ஆடி என்கிறீர்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றிக் கோவைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கிலிருந்து அடிக்கும். தெற்கு நோக்கிப் போகும்போது அது வலப்பக்கக் காற்று, அதனால் மறைவு முன்னவரின் இடப்பின்பக்கம். திரும்பி வடக்கே வரும்போது மாறி, வலப்பின்பக்கம். ரேஸுக்கு விடுவதோ பாதி ரோடுதான். ஐந்தாறு பேர் சாய்வரிசையாக நின்றதும் இடம் தீர்ந்துவிடும். ஏழாவது ஆள் ரோட்டோரத்தில் முழுக்காற்று வாங்குவார். காற்றுப் பகுதிக்கு முன்பும் முன்னால் இருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

"டோக்கியோ ஒலிம்பிக்கில் அன்னா கீசன்ஹோஃபர் ப்ரோ டீமே இல்லாமல் தனியாகப் பிய்த்துக்கொண்டு போய்த் தங்கம் வாங்கவில்லையா?" என்று யாராவது உசுப்புவார்கள். வாங்கினார், 2021இல். பின்னால் வந்தவர்கள் அவர் முன்னால் இருப்பதையே கணக்கில் விட்டுவிட்டார்கள். ஒலிம்பிக்கில் அணியோடு பேசும் ரேடியோவும் கிடையாது. முதல் ரேஸில் உங்களுக்கு அந்த வேலை வேண்டாம்.

இனி அந்த செகண்ட் ஹேண்ட் கார்பன். அலுமினியம் அடிபட்டால் பெரும்பாலும் நசுங்கி, வளைந்து கண்ணுக்குத் தெரியும். கார்பன் உள்ளுக்குள் அடுக்குப் பிரிந்தாலும் மேல் பெயின்ட் பளபளவென்று இருக்கும். விரிசல் விழும் இடங்கள்: சீட் போஸ்டை இறுக்கும் வாய், ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள ஹெட் டியூப் சந்திப்பு, பெடல் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, செயின் பக்கத்துப் பின்குழாய். ஒரு ரூபாய் நாணயத்தால் வரிசையாகத் தட்டினால் 'டிக் டிக்' என்று வரும் சத்தம், பழுதான இடத்தில் 'தப்' என்று மந்தமாகும். அப்படி எதுவும் கேட்காவிட்டாலும் ஃப்ரேம் நல்லது என்று சத்தியம் செய்ய முடியாது. முழுசாக ரீபெயின்ட் செய்தது என்றால் தொடவே வேண்டாம். பெயர் தெரியாத ஃப்ரேமில் பெரிய பிராண்டு ஸ்டிக்கர் ஒட்டி விற்பதும் நடக்கிறது. "லைஃப் டைம் வாரன்டி" என்பார்கள். பெரும்பாலான கம்பெனிகளில் அது முதலில் வாங்கியவருக்கு மட்டும். சீரியல் நம்பர் போட்ட ஒரிஜினல் பில் கேளுங்கள். "பில்லை வீட்டில் தேடணும்" என்றால் பேச்சை அங்கேயே முடியுங்கள். திருட்டு சைக்கிளாகவும் இருக்கலாம்.

உங்கள் சைக்கிளை மாற்ற வேண்டிய ஒரே சந்தர்ப்பம், அது உங்கள் அளவே இல்லை என்றால். இங்கே பெண்களிடம் இது சர்வசாதாரணம். கடையில் ஸ்டாக் இருப்பது 52, 54 ஃப்ரேம் சைஸ். 155 செ.மீ. உயரமுள்ளவரிடம் "சீட்டை இறக்கி, ஸ்டெம்மைக் குட்டையாக்கினால் சரியாகிவிடும்" என்று தள்ளிவிடுவார்கள் (ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் முன்துண்டு). அவருக்குத் தேவை 47, 49 வாக்கில். வீட்டிலேயே சோதிக்கலாம். ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்து, மணிக்கட்டை நகர்த்தாமல் இரண்டு விரல் பிரேக் லீவரை எட்டுகிறதா? எட்டாவிட்டால் முதலில் லீவரிலுள்ள ரீச் ஸ்க்ரூவைத் திருகிப் பாருங்கள்; மெக்கானிக்குகளே அதைத் தொடுவதில்லை. அடுத்து, மேலே லீவர் தலையைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடிகிறதா, பூட்டிக்கொள்கிறதா? பூட்டினால் 100 மி.மீ. ஸ்டெம்மை 80 ஆக்கலாம். 70க்கும் கீழே போனால்தான் சரிவருகிறது என்றால் ஃப்ரேமே தப்பு. முன்சக்கரத்தில் எடை குறைந்து, வளைவில் சைக்கிள் அலையும். அப்போது வாங்குங்கள், சரியான சைஸில், அதுவும் அலுமினியத்திலேயே. சைஸ் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் அட்டவணையில் 'ரீச்' அளவை (ஃப்ரேம் முன்னால் எவ்வளவு நீள்கிறது என்பது) ஒப்பிட்டுப் பாருங்கள். கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, 165 மி.மீ. இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சைஸ் சரி என்றால் செலவு டயரில். கம்பெனியிலிருந்து வந்த, விளிம்பில் கம்பி உள்ள டயரைக் கழற்றிவிட்டு, மடிக்கக்கூடிய நல்ல ஃபோல்டிங் டயர் ஒரு ஜோடி, கூடவே புது பிரேக் பேடு, செயின் தேய்ந்திருந்தால் செயின். உங்கள் எடை 55 கிலோ வாக்கில் என்றால் 25 மி.மீ. டயருக்கு காற்றழுத்தம் முன்னால் 65, பின்னால் 70 பிஎஸ்ஐ. சிலர் 110 அடித்துவிட்டு, வளைவில் குதிக்கிறது என்பார்கள். எதையும் ரேஸுக்கு முந்தின நாள் மாட்டாதீர்கள். பத்து நாள் ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாக, அமைப்பாளர்களிடம் இன்றே மெயிலில் கேளுங்கள். போனில் சொல்வது காற்றோடு போகும். பெண்கள் ஸ்டார்ட் எத்தனை மணிக்கு? ஆண்களை விடியலில் அனுப்பிவிட்டு, பெண்களை எட்டரை மணி வெயிலில் நிறுத்துவது இங்கே வழக்கம். அப்புறம் 'பெண்கள் வருவதே இல்லை' என்று புலம்பல் வேறு. பன்னிரண்டு பேர்தான் பெயர் கொடுத்தார்கள் என்று ஆண்கள் பிரிவோடு சேர்த்து ஓட விடுவார்களா? அப்படியானால் ஆண்களின் பின்னால் வீல் பிடிக்கலாமா, பிடித்தால் தகுதி நீக்கமா? ஸ்டார்ட்டில் கழிப்பறை உண்டா? பின்தங்கியவர்களை எத்தனை நிமிடத்தில் நிறுத்துவார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், கழன்றாலும் பதற்றம் வராது. தனியாக இழுக்காமல், பின்னால் வரும் இரண்டு பேருக்காகக் காத்திருந்து, ஆளுக்கு 30 விநாடி முன்னால் இழுத்து மாறி மாறிப் போகலாம்.