மேலாளர் அறைந்ததும், ‘வழுக்கி விழுந்தேன்’ என்ற மருத்துவச் சீட்டும்

கேள்வி: தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் நான்கு ஆண்டுகளாக விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். ஒன்பது நாட்களுக்கு முன், கூட்டம் இல்லாத பிற்பகலில் ஸ்டூலில் உட்கார்ந்ததற்காக மேலாளர் என்னை மூன்றாம் மாடி குடோனுக்கு அழைத்துப் போய், கதவைத் தாழிட்டு, கன்னத்திலும் காதிலும் அறைந்தார். அரை மணி நேரம் வெளியே விடவில்லை. ராஜினாமா எழுதித் தராவிட்டால் திருட்டு வழக்கில் மாட்டிவிடுவதாக மிரட்டினார். நான் எழுதித் தரவில்லை. பிறகு சூப்பர்வைசர் தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். அவர் பக்கத்திலேயே நின்றதால் படியில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொல்லிவிட்டேன். இடது காது இன்னும் இரைகிறது. காவல் நிலையத்தில், ‘சின்ன அடிதடி, பேசி முடித்துக்கொள்ளுங்கள்’ என்று மனு ரசீது மட்டும் தந்தார்கள். மனுவின் நகலை இணைத்துள்ளேன். அன்று முதல் வேலைக்குப் போகவில்லை. நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் காதைக் கவனியுங்கள். இன்றே ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கோ சென்று, நடந்ததை நடந்தபடியே சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘தெரிந்த நபர் ஒருவர், இன்ன தேதியில், இன்ன இடத்தில், கையால் தாக்கியதாகச் சொல்கிறார்’ என்று மருத்துவர் எழுதும் அந்த ஒரு வரியைத்தான் பின்னாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடுவார். உங்கள் வழக்கின் பலவீனமே கிளினிக் சீட்டில் உள்ள ‘வழுக்கி விழுந்தார்’ என்ற வார்த்தைதான். அதை மறைக்க முயலாதீர்கள். சூப்பர்வைசர் உடன் நின்றதால் பயந்து அப்படிச் சொன்னேன் என்பதைப் புகாரிலேயே நீங்களாக எழுதிவிட்டால் நீதிமன்றம் அதைப் புரிந்துகொள்ளும். குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டால் சேதம் பெரிது. காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் செவித்திறன் பரிசோதனையும் செய்துகொண்டு அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

அந்தப் பரிசோதனைக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவின்படி, ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போனாலோ, 15 நாட்கள் கடும் வலியில் தவித்தாலோ, அத்தனை நாட்கள் வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமல் போனாலோ அது கொடுங்காயம். அதற்கு 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. உங்கள் காது அந்த நிலையில் இருக்கிறதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லும்வரை புகாரில் மிகைப்படுத்தி எதையும் எழுதாதீர்கள்.

காவல் நிலையத்தில் ‘சின்ன அடிதடி’ என்று சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சாதாரணக் காயம் விளைவிப்பது 115(2) பிரிவில் வருகிறது; ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவு இல்லாமல் காவல்துறை இதைப் புலனாய்வு செய்ய முடியாது. ஆனால் கதவைத் தாழிட்டு அரை மணி நேரம் அடைத்து வைத்தது 127(2) பிரிவின் கீழ் தனிக் குற்றம்; அதற்கு அந்தத் தடை கிடையாது. பல குற்றங்களில் ஒன்றையாவது காவல்துறை நேரடியாகப் புலனாய்வு செய்யலாம் என்றால், முழு வழக்கையுமே அப்படித்தான் கருத வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174(4) பிரிவு கூறுகிறது. நீங்கள் அனுப்பிய மனுவை இரண்டு முறை படித்தேன். ‘குடோனில் வைத்து அறைந்தார்’ என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். தாழிட்டது பற்றியோ மிரட்டல் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. எனவே கூடுதல் மனு கொடுங்கள்: யார் தாழ்ப்பாளைப் போட்டார், எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எப்போது வெளியே வந்தீர்கள், ராஜினாமா பற்றி அவர் சொன்ன வார்த்தைகள் எவை என்பதையெல்லாம் எழுதுங்கள். தடுக்கும்போது நீங்கள் அவரைத் தள்ளியிருந்தால் அதையும் எழுதுங்கள். தற்காப்பு உரிமை உங்களுக்கு உண்டு.

குடோனுக்குள் கேமரா இல்லாவிட்டாலும், படிக்கட்டிலும் லிஃப்ட் வாசலிலும் உள்ள கேமராக்களில் நீங்கள் போன நேரமும் வந்த நேரமும் பதிவாகியிருந்தால் போதுமானது. பழைய பதிவுகளின் மேல் புதியவை ஏறிவிடும் என்பதால், அவற்றைக் கைப்பற்றும்படி மனுவில் கேளுங்கள். அழிக்காமல் வைத்திருக்கும்படி நிர்வாகத்துக்கும் தனியாக எழுதுங்கள்.

அதன் பிறகும் முதல் தகவல் அறிக்கை பதிவாகாவிட்டால், காவல் துணை ஆணையருக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். அங்கும் பலனில்லை என்றால், சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவின் கீழ் பிரமாணப் பத்திரத்துடன் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். 115(2), 127(2) குற்றங்களுக்குக் காலவரம்பு ஓராண்டு. வழக்கறிஞருக்கு வசதி இல்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேளுங்கள்.

வேலை விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். சொல்லாமல் நின்றுவிட்டார் என்று எழுதி உங்கள் கணக்கை முடிப்பது அவர்களுக்கு எளிது. நடந்ததைக் குறிப்பிட்டு, மருத்துவ விடுப்பு கேட்டு, மேலாளர் மீது விசாரணை கோரி, நாளைக்கே ஸ்பீட் போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் கடிதம் அனுப்புங்கள். ராஜினாமா எழுதித் தராத உங்கள் துணிவை மெச்சுகிறேன். இனியும் வெற்றுத்தாள் எதிலும் கையெழுத்திட வேண்டாம். ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது என்பது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. நீக்கினால் அதே பிரிவின் கீழ் தொழிலாளர் துறையில் உடனே மேல்முறையீடு செய்யுங்கள். இன்னொன்று: கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும், வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று 2021இல் இதே சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். நீங்கள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தது உங்கள் உரிமை. இதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

சமரசம் பேசக் கூப்பிடுவார்கள். சாதாரணக் காய வழக்கில் சமரசத்துக்குச் சட்டம் இடம் தருகிறது; ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஏற்பதானால் மருத்துவச் செலவு, இந்த நாட்களுக்கான சம்பளம், மேலாளரின் எழுத்து மூலமான மன்னிப்பு, வேலை தொடரும் என்ற உறுதி ஆகியவை நிர்வாகத்தின் முத்திரையோடு கைக்கு வந்த பிறகே, ‘மேல் நடவடிக்கை வேண்டாம்’ என்று எழுதிக் கொடுங்கள்.