வம்புக்குப் பேர்போன பாடகரோடு துணி வியாபாரம்: எதை எழுதிக்கொள்வது?

கேள்வி: சிறிய அளவில் டி-ஷர்ட் தைத்து இணையத்தில் விற்கிறோம். ஒரு ராப் பாடகர் தன் பெயரில் தனி வரிசை போடலாம் என்கிறார். ரசிகர்கள் ஏராளம், சர்ச்சைகளும் ஏராளம். அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டால் காலணி நிறுவனமான அடிடாஸ் பட்ட பாட்டைப் படித்தபின் தயக்கமாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் அடிடாஸ் மாட்டிக்கொள்ளவில்லை. 2009-இலேயே எம்டிவி விருது மேடையில் ஏறி டெய்லர் ஸ்விஃப்ட் கையிலிருந்த மைக்கைப் பறித்தவர் அவர். அதே ஆண்டு நைக்கியோடு சேர்ந்து 'ஏர் யீஸி' காலணியும் வந்தது. ராயல்டி, அதாவது விற்பனையில் பங்கு, நைக்கி தர மாட்டேன் என்கிறது என்று குறைபட்டு, 2013 கடைசியில் அடிடாஸ் பக்கம் போனார். ஆகவே உங்கள் பாடகர் பங்கு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். ஆனால் எதன் மேல் பங்கு என்பதை எழுதுங்கள்: விற்ற விலையிலா, ஜிஎஸ்டி, தள்ளுபடி, திரும்பி வந்த சரக்கு எல்லாம் கழித்த பிறகா? சண்டை பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும்.

அடுத்தது, பெயர் வேறு, டிசைன் வேறு. 2022 அக்டோபரில் யூதர்களைப் பற்றி அவர் பேசிய வெறுப்புப் பேச்சுக்குப் பிறகு, 25ஆம் தேதி அடிடாஸ் உறவை முறித்தது. அவர்கள் சேர்ந்து விற்ற காலணிகளின் 'யீஸி' என்ற பெயர் அவருடையது. காலணி டிசைன்களின் உரிமை தங்களுடையது என்று நிறுவனம் அறிவித்தது. இப்படிப் பிரித்து எழுதியிருந்ததால்தான் கையில் ஏதாவது மிஞ்சியது. உங்கள் ஒப்பந்தத்திலும் பிரித்தே எழுதுங்கள்.

பாடகர் பெயர் கெடும்படி நடந்தால் நீங்கள் விலகலாம் என்கிற நன்னடத்தை ஷரத்து எல்லோருக்கும் தெரியும். 'பெயருக்குக் களங்கம்' என்று பொத்தாம் பொதுவாக விடாமல், எது நடந்தால், எத்தனை நாளில் விலகலாம் என்று எழுதினால் போதும். அவரும் விலகலாம், அதை மறக்காதீர்கள். கேப் (Gap) என்ற அமெரிக்கத் துணி நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தை 2022 செப்டம்பரில் முறித்தது கான்யேதான். சொன்னபடி கடைகள் திறக்கவில்லை என்பது அவர் தரப்புக் குற்றச்சாட்டு. செய்ய முடியாத வாக்கை நீங்களும் எழுத்தில் கொடுக்காதீர்கள்.

உண்மையில் அடிடாஸின் கழுத்தை நெரித்தது கிடங்கு. முறிவுக்குப் பின் சுமார் 120 கோடி யூரோ மதிப்புள்ள காலணிகள் தேங்கின. எரிப்பதா, விற்பதா என்று மாதக்கணக்கில் யோசித்து, 2023 மே மாதக் கடைசியில்தான் விற்கத் தொடங்கினார்கள். வருமானத்தில் ஒரு பகுதியை யூத வெறுப்புக்கு எதிரான அமைப்புகள் போன்றவற்றுக்குக் கொடுத்தார்கள். 2024 முடிவு வரை சரக்கு தீரவில்லை. உங்களால் அவ்வளவு காலம் தாங்க முடியாது. அதனால் முறிந்தபின் மிச்ச சரக்கை எத்தனை மாதம் விற்கலாம், அவர் பெயர் லேபிளோடா இல்லாமலா, அதற்கும் ராயல்டி உண்டா என்று இப்போதே பேசி முடியுங்கள். ஆயிரம் தைக்கத் தோன்றினால் இருநூறு தையுங்கள். தீர்ந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

கையெழுத்துக்கு முன் ஒரு வேலை பாக்கி. அவர் பெயரை ஆடைகளுக்கான 25ஆம் வகுப்பில் வேறு யாராவது ட்ரேட்மார்க் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பதிந்திருந்தால் மற்ற பேச்சை எல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.