இலங்கை ஓடை மீன்களும் நம் மலைக்குளிரும்: வாசகர் கேள்வி-பதில்

மலையகத் தமிழர்கள் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து, தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அங்கே ஓடையில் பார்த்த ‘லே தித்தயா’, ‘புலத் ஹப்பயா’ என்ற மீன்களைப் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார். அவை இங்கே கிடைக்குமா?
- வாசகர், கூடலூர்

கிடைக்கும், வேறு பெயரில். லே தித்தயாவைக் கடையில் ‘செர்ரி பார்ப்’ என்பார்கள். சிங்களத்தில் ‘லே’ என்றால் இரத்தம். ஆண் மீனின் நிறம் அப்படி. புலத் ஹப்பயா என்பது ‘பிளாக் ரூபி பார்ப்’. ‘புலத்’ என்றால் வெற்றிலை. இணை சேரும் நேரத்தில் ஆண் மீனைப் பாருங்கள்: பின்பாதி மைபோலக் கறுத்து, தலையும் முன்பாதியும் வெற்றிலை போட்ட வாயாகச் சிவந்திருக்கும். பெயர் வைத்தவர்கள் மீனை நன்றாகப் பார்த்தவர்கள்.

இரண்டும் இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்துக்கே உரியவை. களனி ஆறு தொடங்கி நில்வளா ஆறு வரை, மரநிழல் மூடிய, இலைச்சருகு படிந்த சிற்றோடைகளில் வாழ்கின்றன. வளர்ந்தால் 5 செ.மீ. அளவுதான்.

உறவினர்கள் மூலம் ஓடை மீனைக் கொண்டுவர முயல வேண்டாம். அந்நாட்டுக்கே உரிய பல மீன்களை ஏற்றுமதி செய்யச் சட்டத் தடை உண்டு. கேகாலை மாவட்டத்தில் கலபிடமட அருகே ஒரு சின்ன ஓடையில் மட்டும் இருந்த ‘பந்துல பார்ப்’ 1991-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கிறது. சென்னை கொளத்தூர் வியாபாரிகளிடம் கிடைப்பவை பண்ணைக் குஞ்சுகள். அவற்றையே வாங்குங்கள். மலைக்குக் கொண்டுவரும்போது பையில் காற்றை இறுக்கி நிரப்ப வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து பை உப்பும். இறுக்கிக் கட்டியிருந்தால் முடிச்சு விட்டுப்போகும்.

60 லிட்டர் தொட்டியில் எட்டு செர்ரி பார்ப் விட்டேன். டிசம்பரில் உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி வந்து ஐந்து செத்துவிட்டன. ஹீட்டர் இருந்தது. எங்கே தவறு?
- வாசகி, ஊட்டி

ஹீட்டர் எத்தனை வாட் என்று எழுதவில்லை. 50 வாட்டாக இருந்தால் தவறு அங்கேதான். லிட்டருக்கு 1 வாட் என்ற கணக்கு சமவெளிக்குச் சரி. டிசம்பர் இரவில் உங்கள் அறை 10, 12 டிகிரிக்கு இறங்கும். இந்த மீனுக்கு 23 முதல் 26 டிகிரி வேண்டும். கண்ணாடி வழியாகவும் நீர்மட்டத்திலிருந்தும் வெப்பம் போய்க்கொண்டே இருப்பதால், 60 லிட்டருக்கு 75 வாட் ஹீட்டர் இரண்டு வையுங்கள். 150 வாட்டில் ஒன்றே ஒன்று வேண்டாம். அதன் தெர்மோஸ்டாட் ‘ஆன்’ நிலையில் சிக்கிக்கொண்டால் மீன் வெந்துவிடும். இரண்டில் ஒன்று சிக்கினால் வெப்பம் மெதுவாகத்தான் ஏறும், கவனிக்க நேரம் கிடைக்கும். ஒன்று நின்றுபோனாலும் மற்றது தாங்கும்.

தொட்டிக்கு அடியிலும் பின்புறமும் பக்கங்களிலும் ஓர் அங்குல தெர்மாகோல், மேலே கண்ணாடி மூடி. இந்த மூடி பாதி ஹீட்டருக்குச் சமம். மின்சாரம் போனால் தொட்டியைக் கம்பளியால் போர்த்தி, வெந்நீரை பாட்டிலில் அடைத்து மிதக்க விடுங்கள். வெந்நீரை நேரே ஊற்றவே கூடாது.

வெள்ளைப் புள்ளி ஓர் ஒட்டுண்ணி. குளிர் தாக்கி மீன் தளரும்போது பெருகும். மீதமுள்ள மூன்றுக்கு, நாளைக்கு 2 டிகிரி வீதம் 28 வரை ஏற்றி, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் அங்கேயே வையுங்கள். அயோடின் கலக்காத கல்லுப்பு லிட்டருக்கு 1 கிராம், தனியாகக் கரைத்து இரண்டு நாளில் பிரித்துச் சேர்க்கலாம். செடிகள் வாடும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, உங்கள் உயரத்தில் இன்னும் குறைவு.

இன்னொன்று. நம் மலை நீர் மென்னீர். இந்த மீனுக்கு அது பிடிக்கும். ஆனால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா நீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருப்பதால், சில மாதங்களில் அமிலம் திடீரென ஏறலாம். ஃபில்டருக்குள் ஒரு கைப்பிடி உடைத்த கிளிஞ்சலைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். வாரம் கால் பங்கு நீர் மாற்றுங்கள், புது நீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். மாற்றும் முன் ஹீட்டரை அணைத்துக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். காற்றில் எரியும் ஹீட்டர் மேல் தண்ணீர் பட்டால் விரிசல்தான்.

சருகு போட விரும்பினால் காய்ந்த வாதாம், பலா, கொய்யா இலைகள் நல்லவை. கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை வேண்டாம், அதன் தைலம் மீனுக்கு ஆகாது. மருந்தடித்த தேயிலைக் காட்டுச் சருகும் கூடாது.

செர்ரி பார்ப் முட்டையிடுகிறது, குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை.
- வாசகர், கோத்தகிரி

தாய்தகப்பனே தின்றுவிடும். 25 லிட்டர் தனித் தொட்டியில் 15 செ.மீ. நீர், 26 டிகிரி, அடியில் கோலிக்குண்டுகள், மேலே பெரிய கைப்பிடி ஜாவா பாசி. மாலையில் ஒரு ஆண், இரண்டு பெண். காலையில் பாசியைத் தூக்கிப் பாருங்கள், ரவைபோல் சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளாக முட்டைகள் ஒட்டியிருக்கும். உடனே பெரிய மீன்களை எடுத்துவிட்டு, தொட்டியைத் துணியால் மூடுங்கள். ஒன்றிரண்டு நாளில் பொரியும். குஞ்சு நீந்தத் தொடங்கியதும் இன்ஃபுசோரியா (கண்ணுக்குத் தெரியாத நீர் நுண்ணுயிர்கள்), ஒரு வாரம் கழித்து ஆர்டீமியா (உப்புநீர் இறால் வகையின் குஞ்சுகள்) இரையாகக் கொடுங்கள். பவர் ஃபில்டர் வைத்தால் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும்.

குஞ்சுகள் அதிகமாகிவிட்டன. எஸ்டேட் ஓடையில் விடலாமா?
- வாசகர், குன்னூர்

கூடாது. ஒன்றுகூடக் கூடாது. உங்கள் ஓடையில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் உண்டு. 1867-இல் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே விவரித்த ‘நீலகிரி டேனியோ’ என்ற சிறு மீன் உலகில் இந்த மலைப்பகுதிக்கு மட்டுமே உரியது. தொட்டி மீனோடு நோயும் ஒட்டுண்ணியும் ஓடைக்குப் போகும். இரைக்கும் முட்டையிடும் இடத்துக்கும் போட்டி வரும். வெள்ளைக்காரர்கள் தூண்டிலுக்காக இங்கேயும் நுவரெலியா பக்கமும் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் இன்றும் மலை நீரில் இருக்கிறது. அன்று விட்டதை இனி யாரால் திரும்பப் பிடிக்க முடியும்? மிஞ்சிய குஞ்சுகளை மீன் கடைக்கோ வளர்ப்பவர்களுக்கோ கொடுங்கள். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தால் சிக்கலே இல்லை.

தேங்காய்ச் சம்பலுக்கு வாங்கும் மாசிக் கருவாடு மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, கூடலூர்

மாசி என்பது சூரை மீனை அவித்து, புகையில் காட்டி, கட்டைபோல் ஆகும்வரை வெயிலில் காயவைத்தது. உள்ளே ஈரம் இல்லாதவரை கெடாது. வாங்கும்போது இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள், விறகு மோதும் சத்தம் வர வேண்டும். மந்தமாகக் கேட்டால் ஈரம் இருக்கிறது. முழுத் துண்டாகவே காற்றுப்புகாத பாட்டிலில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். இடித்து வைத்த தூள்தான் நம் ஊர் மூடுபனியில் முதலில் கெடும். பூசணம் உள்வரை போயிருந்தால் தயங்காமல் எறியுங்கள்.

வேண்டும்போது மட்டும் இடியுங்கள். அரை மூடித் தேங்காய்த் துருவலுக்கு ஐந்து காய்ந்த மிளகாய், ஆறு சின்ன வெங்காயம், ஒரு மேசைக்கரண்டி மாசித்தூள், உப்பு. மிளகாயையும் உப்பையும் முதலில் இடித்து, பிறகு வெங்காயம், மாசி, கடைசியில் தேங்காய். எலுமிச்சையைப் பரிமாறும்போது பிழியுங்கள். முன்பே பிழிந்தால் தேங்காய் நீர் விட்டுச் சம்பல் குழைந்துவிடும்.