ஹேபர்ஃபீல்ட் வீட்டு வண்ணக் கண்ணாடியை மாற்றச் சொல்லாதீர்கள்

தம்பி, சிட்னி ஹேபர்ஃபீல்டில் வாடகைக்குப் பிடித்த வீட்டின் முன் ஜன்னலில் வண்ணக் கண்ணாடி வெளிப்பக்கமாக உப்பி நிற்கிறது, காற்றடித்தால் கடகடக்கிறது, ஓனரிடம் சொல்லிச் சாதாரணக் கண்ணாடி போடச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். ஏறக்குறைய ஊர் முழுவதுமே பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதி, உள்ளூர் கவுன்சில் (நம்மூர் நகராட்சி மாதிரி) அனுமதி இல்லாமல் ஓனரே முன்பக்க ஜன்னலில் கை வைக்க முடியாது.

1901இல், ஆறு காலனிகளும் சேர்ந்து ஆஸ்திரேலியா ஒரு நாடான அதே வருடம், ரிச்சர்ட் ஸ்டான்டன் என்பவர் மனை பிரித்து விற்கத் தொடங்கிய ஊர் இது. அந்தப் பெருமிதம்தான் ஜன்னலில் இறங்கியிருக்கிறது. கிட்டப் போய்ப் பாருங்கள், சிவப்பாக இருப்பதை ரோஜா என்று நினைத்துவிடாதீர்கள், வராட்டாவாக இருக்கலாம், அது நியூ சவுத் வேல்ஸின் மாநிலப் பூ. சில வீடுகளில் குக்கபரா பறவையும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் முன்பே யாரோ இதைப் பிடுங்கிவிட்டு அலுமினிய ஜன்னல் வைத்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் போனாலே எனக்கு வயிறு எரியும்.

உப்புவதற்குக் காரணம் ஈயம் (காரீயம், lead). இரண்டு பக்கமும் பள்ளம் உள்ள மெல்லிய ஈயப் பட்டைக்குள் கண்ணாடித் துண்டுகளைச் செருகி, பட்டைகள் முட்டும் இடங்களில் சால்டர் வைத்துப் பற்றவைத்து, இடுக்கில் மக்கு (புட்டி) அடைத்திருப்பார்கள். நூறு வருட வெயிலில் மக்கு காய்ந்து உதிர்ந்துவிடும் (ஜன்னல் கட்டையில் கறுப்புப் பொடி கிடக்கிறதா பாருங்கள்), மென்மையான ஈயம் கண்ணாடியின் பாரம் தாங்காமல் வளையும், கடகடப்பதும் அதனால்தான். கையால் அழுத்தி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டுவிடும். வேலை தெரிந்தவர்கள் சட்டத்தோடு கழற்றிப் போய், அதே துண்டுகளைப் புது ஈயத்தில் கோத்துத் தருவார்கள். அது ஓனர் செலவு.

குளிருக்கு உள்பக்கம் கனமான திரை போடுங்கள். துடைக்க ஈரத்துணி போதும், ஸ்பிரே எதுவும் அடிக்க வேண்டாம். ஜன்னல் கட்டையில் கிடக்கும் அந்தக் கறுப்புப் பொடியில் ஈயம் இருக்கலாம், குழந்தையைத் தொடவிடாதீர்கள், துடைத்ததும் கை கழுவுங்கள்.

அப்புறம், குடிவந்து 7 நாளுக்குள் கண்டிஷன் ரிப்போர்ட்டை (வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று பதியும் படிவம்) நிரப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும் இல்லையா, அதில் உப்பல், விரிசல் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொரு துண்டும் தெரிகிற மாதிரி படம் எடுத்து ஏஜென்ட்டுக்கு மெயிலும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் காலி செய்யும்போது பாண்ட் பணத்தில் (நம்மூர் அட்வான்ஸ் மாதிரி) கை வைப்பார்கள்.