சாளையா, கணவாயா, பாக்கெட் இரையா?

கேள்வி: களியக்காவிளையில் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காய்ப்பட்டணம் போய்த் தூண்டில் போடுவது வழக்கம். ஆன்லைனில் 850 ரூபாய்க்கு ரப்பர் இறாலும், அதில் தடவும் வாசனைத் தைலமும் வாங்கினேன். 'எல்லாக் கடல் மீனுக்கும்' என்று போட்டிருந்தது. மூன்று வாரமாக ஒரு கெளுத்திகூடக் கடிக்கவில்லை. பக்கத்தில் நிற்பவர் சந்தைச் சாளையை, அதாவது மத்தி மீனைக் கோத்துப் பாரை இழுக்கிறார். நான் எதை வாங்குவது? கொடுத்த காசு திரும்புமா?

பதில்: எல்லா மீனுக்கும் ஒரே இரை என்று யார் சொன்னாலும் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். பாரையும் சீலாவும் கண்ணால் பார்த்துத் துரத்தும் மீன்கள். தெளிந்த தண்ணீரில், ரப்பர் இறாலை விட்டு விட்டு இழுத்துக்கொண்டே வந்தால் ஏமாந்து கடிக்கும். ஈயத்தைக் கட்டி அடியில் போட்டுவிட்டு டீ குடித்தால் அது வெறும் ரப்பர்தான். நீங்கள் போன மூன்று வாரமும் மழைக்காலமா என்று எழுதவில்லை. குழித்துறை ஆறு செம்மண் தண்ணீரைக் கடலில் தள்ளும் நாட்களில் மீன் மோப்பத்தை நம்பித்தான் மேயும். அப்போது நிஜ இரைதான் எடுபடும்.

சாளையில் எண்ணெய் அதிகம், அதனால் வாசம் தூரம் போகும். ஆனால் சதை மென்மை. நான் முதன்முதலாகக் கோத்து வீசியபோது தூண்டில் முள் ஒரு பக்கமும் சாளை ஒரு பக்கமுமாகப் பறந்தன. கல்லில் உட்கார்ந்திருந்த பெரியவர், "மக்களே, இது மீனுக்கா காக்காவுக்கா?" என்று கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து தையல் நூலை எடுத்தார். வால் பக்கத்துத் துண்டை முள்ளோடு வைத்துப் பத்துச் சுற்று சுற்றினார், முடிச்சுகூடப் போடவில்லை. அன்றிலிருந்து என் பையில் நூல்கண்டு உண்டு. முந்தின நாளே கல்லுப்பு தூவி வைத்தாலும் சதை இறுகும்.

கணவாய் அப்படியில்லை, ரப்பர் மாதிரி முள்ளில் நிற்கும். பொடி மீனும் நண்டும் கொத்தும் பாறை ஓரத்துக்கு அதுதான் சரி. விரல் அகலத்துக்கு நீளமாக நறுக்குங்கள், தண்ணீரில் நெளியும். இறாலை எல்லா மீனும் தின்னும், பொடிசுகளும் சேர்த்துத்தான். பெரிய மீன் வருவதற்குள் முள் காலியாகிவிடும். உயிர் இறால் கிடைத்தால் கதை வேறு, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் கொடுவாய் மீனுக்கு அதற்கு மிஞ்சியது இல்லை.

வாங்கும்போது, கணவாயின் தோலில் பழுப்புப் புள்ளிகள் பளிச்சென்று இருக்கிறதா பாருங்கள். இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் பழசு. சாளைக்கு முதலில் கெடுவது வயிறு. வயிறு வெடித்ததை எடுக்காதீர்கள். இரையை ஐஸில் நேராகப் புதைக்கவும் கூடாது. உருகும் நல்ல தண்ணீர் வாசத்தைக் கழுவிவிடும், கணவாய் வெளுத்துப்போகும். பையில் கட்டி ஐஸின் மேல் வையுங்கள்.

ஜூன், ஜூலையில் நம் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். கேரளத்திலும் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை இழுவைப் படகுகள் போகாது. கணவாய் அரிதாகி விலை ஏறும். மே மாதத்திலேயே வாங்கிச் சின்னச் சின்னப் பொட்டலமாக ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். வீட்டம்மாவிடம் முதலில் கேட்டுக்கொள்வது உங்கள் பாடு.

சரி, காசு. மீன் கடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிப் பணம் வாங்குவது கடினம். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அதிகபட்ச விலை, இறக்குமதி என்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு என்பதெல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கை ஓங்கும். 'எல்லாக் கடல் மீனுக்கும்' என்ற பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். எல்லையோரத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கேரளத்துப் பாறசாலைக் கடையில் வாங்கிய பொருளுக்கும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் 850 ரூபாய்க்கு அத்தனை பஸ் ஏறுவீர்களா என்பதை யோசியுங்கள். நானாக இருந்தால் 1915-ஓடு நிறுத்திக்கொள்வேன்.

கேள்வி: பாறசாலையில் இருக்கிறோம். பத்து வயது மகன் பூவாறில் ஆற்றோரம் தூண்டில் போட ஆசைப்படுகிறான். இரைக்கு என்ன வாங்கலாம்?

பதில்: ஒன்றும் வாங்க வேண்டாம். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துச் சேர்த்தால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. மிளகளவு உருண்டை, ஆகச் சின்ன முள், மடவை வரும். பொழி வெட்டியிருக்கும், அதாவது ஆற்று வாயை அடைத்த மணல் திட்டைத் திறந்துவிட்டிருக்கும் நாளில் இழுப்பு பலமாக இருக்கும், அன்றைக்கு மட்டும் அவனை முகத்துவாரம் பக்கம் விடாதீர்கள்.